பின்பக்க வலது சக்கரம்

எலுமிச்சம்பழம் நசுங்காமல் நழுவியதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. நான்கு சக்கரத்துக்கு நான்கு பழம். மூன்று பட்டென்று உடைந்து சாறும் விதையுமாகத் தரையில் பரவின. நான்காவது, பின்பக்க வலது சக்கரத்துக்கு முன்னால் வைத்தது, ஓரத்தில் மட்டும் கொஞ்சம் பிதுங்கி, உருண்டு போய், கடையில் அடுக்கி வைத்திருந்த பழைய டயர்களுக்கு அடியில் நின்றுகொண்டது. மஞ்சளாகத் தெரிந்தது. யாரும் பார்க்கவில்லை. பார்த்தவள் நான் மட்டும்தான். அதை எடுத்து மறுபடியும் வைத்து ஒருமுறை ஏற்றச் சொல்லலாமா என்று வாய் வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டேன். காலையில் வீட்டை விட்டுக் கிளம்பும்போது சிந்துஜா என் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "அம்மா, இன்னிக்கு ஒரு நாள், ஒரே ஒரு நாள், எதுவும் சொல்லாம கூட வா. பாத்துட்டு மட்டும் இரு. முடியுமா?" முடியும் என்றேன். இருபத்துநான்கு வயசு மகள், சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய கார், பழைய கார்தான் என்றாலும் அவளுடைய கார், அதற்குப் புதுச் சக்கரம் மாட்டப் போகிறாள், கூட வா என்று என்னைக் கூப்பிடுகிறாள். அவள் கார் ஓட்டக் கற்றுக்கொண்டதே எனக்குத் தெரியாது. லைசென்ஸ் தபாலில் வந்தபோதுதான் தெரியும். தபால்காரருக்குத் தெரிந்த பிறகு எனக்குத் தெரிந்தது. அப்படிப்பட்டவள் இன்றைக்குக் கூப்பிட்டிருக்கிறாள், ஒரு பழத்துக்காக அதைக் கெடுத்துக்கொள்வேனா? அதனால் பேசாமல் வந்து காரில் ஏறினேன், பின் சீட்டில், வலது பக்கம். "ஏம்மா பின்னாடி ஏறறே? நான் என்ன வாடகை வண்டியா ஓட்டறேன்?" என்றாள். "முன்னாடி வெயிலடிக்குது கண்ணு" என்றேன். வெயில் எல்லாப் பக்கமும்தான் அடித்தது. பழம் நழுவிய சக்கரத்துக்கு நேர் மேலே உட்கார்ந்தால் என் கனத்தில் அது கொஞ்சம் அடங்கிக் கிடக்கும் என்று ஒரு நினைப்பு. எட்டாவதோடு நின்றவள் நினைப்பு அப்படித்தான் போகும் என்று அவர் சொல்லுவார். அவர் என்றால் என் வீட்டுக்காரர். பத்தாவது படித்தவர்.

கார் உள்ளே எல்லாம் புதுசாக வாசம் அடிக்கிறது. முன்னால் பலகை மாதிரி இருக்கும் இடத்தில் மரக் கலரில் ஒட்டியிருக்கிறார்கள், கதவு நெடுக வெள்ளிப் பட்டை ஓடுகிறது, ஸ்டீரிங்குக்குக் கறுப்பு உறை, சீட்டுக்கெல்லாம் கறுப்பு உறையில் சிவப்புத் தையல். அந்தத் தையலில்தான் காலையிலேயே ஒரு தடவை தவறிவிட்டேன். என் சீட்டின் தோள்பக்கம் மூன்று தையல் விட்டுப் போயிருந்தது. சொல்லக் கூடாது என்றுதான் நினைத்தேன், ஆனால் விரல் போய் அங்கேயே நின்றுவிட்டது. இருபத்தாறு வருஷமாக பனியன் கம்பெனியில் செக்கிங். பதிமூன்று வயசில் டெய்லருக்குத் துணியைக் கைமடித்துக் கொடுக்கப் போனவள், பிறகு செக்கிங் மேஜைக்கு வந்தேன். ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல், எதுவாக இருந்தாலும் கண்ணுக்கு முன்னால் விரல் கண்டுபிடிக்கும். கம்பெனியில் நான் அம்புக்குறி ஒட்டினால் அது பழுதுதான். சூப்பர்வைசர் மறுபேச்சுப் பேச மாட்டார். வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே வந்தால் நான் சொல்வது எதுவும் பழுது இல்லை, எல்லாம் என் பயம். சக்கரமும் சீட் உறையும் போட்ட கடைக்காரர் ஷாஜகான் பாய் நல்ல மனுஷர், என் விரலைப் பார்த்ததும் குனிந்து பார்த்தார், "அட, ஆமாங்கக்கா, எங்க கண்ணுக்கே தப்பிச்சுப் போச்சே, மாத்திடறேனுங்க" என்றார். சிந்து என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன். நல்லது செய்தவளைப் பார்க்கிற பார்வை இல்லை அது. ஆரம்பித்துவிட்டாயா என்கிற பார்வை. அதற்குப் பிறகு மூன்று மணி நேரம் நான் வாயைத் திறக்கவில்லை, எமகண்டம் வரும்வரை.

பல்லடம் ரோட்டு சிக்னலில் நிற்கிறோம். வலது பக்கம் திரும்புவதற்கு சிந்து இண்டிகேட்டர் போட்டிருக்கிறாள். அது டக் டக் என்கிறது. டக் டக் டக் டக். நான்கு. மறுபடி நான்கு. கை தானாக எண்ணுகிறது, தொழில் பழக்கம். கட்டைவிரல் மற்ற விரல்களைத் தொட்டுத் தொட்டுப் போகிறது. பன்னிரண்டு வந்ததும் நின்றுவிட்டது. ஏன் பன்னிரண்டில் நின்றது? இண்டிகேட்டர் நிற்கவில்லை, என் விரல்தான் நின்றது. பன்னிரண்டு. அப்போதுதான் நினைவுக்கு வந்தது. கடையில் நான் கேட்டதும் பன்னிரண்டுதான். லோகு அண்ணன் என்று ஒருவர், கண்ணாடி போட்ட, என் வயசு இருக்கும் ஃபிட்டர், அவர்தான் சக்கரம் மாட்டினார். வண்டி தூக்கியிருந்தபோது நட்டுகளை மெஷினில் லேசாகத்தான் ஓட்டினார். "அலாய் வீலுக்கு மெஷின்லயே முழுசா இறுக்கக் கூடாதுங்க. தரையில எறக்கி, இதுல இறுக்கோணும். போதும்னா இதுவே டக்குனு சத்தம் குடுக்கும்" என்று ஒரு நீளமான கம்பியைக் காட்டினார். இறக்கின பிறகு வண்டியைச் சுற்றி வந்தார். முன் வலது, நான்கு டக். முன் இடது, நான்கு டக். பின் இடது, நான்கு டக். கோயில் சுற்றுகிற மாதிரி நிதானமாக வந்தார். அப்போது நான் கடிகாரத்தைப் பார்த்தேன். பத்து நிமிஷம் இருந்தது பன்னிரண்டுக்கு. ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டுக்கு எமகண்டம். "பாய், பன்னெண்டுக்கு எமகண்டம் பொறந்துருமுங்க, அதுக்குள்ள ஒரு எலுமிச்சம்பழம்…" என்றேன். சிந்து கண்ணை மூடித் திறந்தாள். பாய் சிரித்துக்கொண்டே மேஜை இழுப்பறையைத் திறந்தார். உள்ளே நாலைந்து எலுமிச்சம்பழம், கற்பூரம், தீப்பெட்டி. "எங்க வாப்பா காலத்துல இருந்தே இதுல ஸ்டாக் இருக்குங்கக்கா. நான் நமாசுக்குப் போறவன்தான், ஆனாலும் இது இல்லாம கடை தொறக்க மாட்டேன். லோகண்ணே, எந்திரிங்க, அக்கா சொல்றதும் சரிதான்." லோகு அண்ணன் எழுந்தார். கம்பியைத் தரையில் வைத்தார். கையைத் துடைத்துக்கொண்டு பழம் வைத்தார். கம்பியை எங்கே வைத்தார்? பின் வலது சக்கரத்துக்குப் பக்கத்தில்.

சிக்னல் விழுந்துவிட்டது. கார் திரும்புகிறது. பின் வலது சக்கரம் எனக்குக் கீழே திரும்புகிறது. இரு, பதறாதே, யோசி. கற்பூரம் கொளுத்தும்போது நான் கண்ணை மூடியிருந்தேன். எவ்வளவு நேரம்? சாமி கும்பிடுகிற நேரம். அவினாசியப்பனைக் கும்பிட்டு, குலதெய்வத்தைக் கும்பிட்டு, பிள்ளைக்கு ஒன்றும் ஆகக் கூடாது என்று கேட்டுக்கொண்ட நேரம். அதற்குள் அவர் அந்த நான்கையும் இறுக்கியிருக்கலாம். பக்கத்து வண்டிக்குக் காற்று மெஷின் ஓடிக்கொண்டிருந்தது, தடதடவென்று, டக் சத்தம் எனக்குக் கேட்டிருக்காது. ஆனால் அவர் கையில் கற்பூரத் தட்டு இருந்ததே? இல்லை, தட்டு பாய் கையில் இருந்தது. பாய் கையிலா? தட்டைப் பிடித்திருந்த கையில் கிரீஸ் இருந்ததா இல்லையா? நான் கண்ணில் ஒற்றிக்கொண்டபோது பார்த்தது சூடத்தைத்தான், கையை இல்லை. கண்ணைத் திறந்தபோது சிந்து வண்டிக்குள் இருந்தாள், வண்டி நகர்ந்தது, பழம் உடைந்தது, ஒன்று நழுவியது. நான் நழுவிய பழத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். வண்டி நகர்ந்து போன பிறகு தரையில் அந்தக் கம்பி கிடந்தது. கிடந்ததா? கிடந்தது. நான் பழத்தைப் பார்த்த பார்வையின் ஓரத்தில் அது கிடந்தது. அடுத்த வண்டிக்கு லோகு அண்ணனை யாரோ கூப்பிட்டார்கள். அவர் போனார். அந்தப் பழத்தைப் பற்றிப் பயந்துகொண்டிருந்ததில் கம்பியை நான் பார்த்தும் பார்க்காமல் விட்டுவிட்டேன். தப்பான பயம் முன்னால் வந்து நின்று, சரியான பயத்தை மறைத்துக்கொண்டது. இல்லாவிட்டால் இதுவும் தப்பான பயம்தானா? எனக்கு எப்படித் தெரியும்? இரண்டும் நெஞ்சில் ஒரே இடத்தில்தான் அடிக்கின்றன.

சொல்லிவிடலாம். "கண்ணு" என்றேன். "ம்?" என்றாள், கண்ணாடியில் என்னைப் பார்த்து. அவள் முகம் பளபளவென்று இருந்தது. "ஏசியைக் கொஞ்சம் கொறச்சுக்கோ" என்றேன். குறைத்தாள். என்னவென்று சொல்வது? லோகு அண்ணன் ஒரு சக்கரத்தை இறுக்காமல் விட்டுவிட்டார் போல் இருக்கிறது என்றா? உடனே கேட்பாள்: போல இருக்குதா, நீ பாத்தியா? பார்க்கவில்லை, எண்ணினேன். எண்ணினியா? சரி, பெருந்துறை வந்துட்டுதா? பெருந்துறை என்பது எங்கள் வீட்டுப் பேச்சு. பத்து வருஷத்துக்கு முன்னால் ஈரோட்டில் ஒரு கல்யாணத்துக்கு வேன் எடுத்துப் போனோம், சொந்தபந்தம் பதினெட்டுப் பேர். பெருந்துறை தாண்டும்போது எனக்கு கேஸ் அடுப்பை அணைத்தேனா என்று சந்தேகம் வந்தது. அழுது, அடம்பிடித்து, வேனைத் திருப்ப வைத்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் அடுப்பு அணைந்துதான் இருந்தது, சிலிண்டரையும் மூடியிருந்தேன், மேலே ஒரு ஈரத்துணியும் போட்டிருந்தேன். முகூர்த்தம் போய்விட்டது. அன்றைக்கு யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் ஒரு நாளோடு போயிருக்கும். சிரித்தார்கள். அது இன்னும் நடக்கிறது. நான் எதையாவது சொல்ல வாயெடுத்தால் அவர் பேப்பரை இறக்காமலே, "பெருந்துறை வந்துட்டுதா?" என்பார். எனக்கே சிரிப்பு வந்துவிடும். சிரித்துவிட்டு உள்ளே போய்ப் பாத்திரம் கழுவுவேன்.

சிரிப்பது பரவாயில்லை. அதற்குப் பிறகு அவர்கள் என்னிடம் எதையும் சொல்வதை நிறுத்திவிட்டார்கள். அதுதான். அவர் ராஜபாளையத்துக்கு மெஷின் பார்க்கப் போகிறேன் என்று நான்கு நாள் போய் வந்தார். வந்து ஒரு வாரம் கழித்து அவர் சட்டை மாற்றும்போது அடிவயிற்றில் தையலைப் பார்த்தேன். ஆறு தையல், நன்றாகப் போட்டிருந்தார்கள். குடலிறக்க ஆபரேஷன், கோயமுத்தூரில். "உன்கிட்டச் சொன்னா நீ பயப்படுவே, அதான்" என்றார். சிந்துவுக்குத் தெரியும், ஆஸ்பத்திரியில் கூட இருந்தவளே அவள்தான். ஹாஸ்டலில் பரீட்சை என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள். என் தம்பி குணசேகரன் தாராபுரம் ரோட்டில் வேலை செய்யுமிடத்தில் விழுந்து செத்தபோது, அவனுக்கு உடம்பு சரியில்லை என்றுதான் என்னிடம் சொன்னார்கள். மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம், அவள் தாங்க மாட்டாள் என்று பெரியவர்கள் பேசி முடிவு செய்தார்களாம். என் வீட்டிலிருந்து அவன் வீடு எட்டு கிலோமீட்டர். நான் போய்ச் சேர்ந்தபோது பெங்களூரில் இருந்த சித்தப்பா மகன் வந்து உட்கார்ந்திருந்தான், மாலை வாடியிருந்தது. பக்கத்தில் இருந்தவள் நான். கடைசியாகப் போனவளும் நான். மறைத்தவர்கள் ஒருவரையும் நான் மன்னிக்கவில்லை. வெளியே காட்டிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். தாங்குவேனா மாட்டேனா என்று பார்ப்பதற்கு ஒரு தடவையாவது என்னை விட்டுப் பார்த்திருக்கலாம்.

நொய்யல் பாலம். கீழே தண்ணீர் இல்லை, நுரைதான் இருக்கிறது. பாலத்தின் இணைப்பில் ஏறி இறங்கும்போது எனக்குக் கீழே டொக் என்றது. பாலத்தின் சத்தமா, சக்கரத்தின் சத்தமா? என் பக்கத்தில் சீட் பெல்ட்டின் இரும்பு நாக்கு கதவில் தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பிடித்துக்கொண்டேன். அடுத்த பள்ளத்தில் சத்தம் வரவில்லை. சரி, பெல்ட்தான். அதற்கடுத்த பள்ளத்தில் வந்தது. கையில் பெல்ட் இருக்கும்போதே வந்தது. அல்லது அது பக்கத்தில் போன லாரியா? புஷ்பா ஸ்டாப்பில் ஒரு ஆள் பைக்கை எங்கள் பக்கம் ஒட்டி நிறுத்தினான், குனிந்து சக்கரத்தைப் பார்த்தான். எனக்கு உயிர் போய் வந்தது. ஏதோ பார்த்துவிட்டான், சொல்லப் போகிறான், அவன் சொல்லட்டும், நான் சொல்ல வேண்டியதில்லை. அவன் கட்டைவிரலை உயர்த்தி சிந்துவிடம், "சூப்பரா இருக்குதுங்க. எங்க போட்டீங்க?" என்றான். அவள் கடை இருக்கும் இடத்தைச் சொன்னாள். சொல்லும்போது அவள் கழுத்துகூட நிமிர்ந்தது. கறுப்புச் சக்கரம், ஓரமெல்லாம் வெட்டி வெள்ளியாக மின்னுகிறது. மூன்று மாசமாக போனில் படம் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தது. பழைய இரும்புச் சக்கரத்தின் பிளாஸ்டிக் மூடியைக் கம்பி போட்டுக் கட்டி வைத்துக்கொண்டு ஓட்டினாள். ஆபீசில் யாரோ அதைப் பார்த்து இது கார்தானா என்று கேட்டானாம். என்னிடம் சொல்லவில்லை, போனில் பேசியதைக் கேட்டேன். எனக்கு எல்லாச் செய்தியும் அப்படித்தான் வரும், கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து.

அவினாசியில் வீட்டில் என்னை இறக்கிவிட்டுவிட்டு அவள் மலைக்குச் சுற்றப் போகிறாள். அன்னூரில் சகானா ஏறிக்கொள்வாள், கூட வேலை பார்க்கிற பெண். அங்கிருந்து மேட்டுப்பாளையம், அப்புறம் கோத்தகிரி மலை. மலை என்றால் வளைவு. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் ஒன்றுமில்லை. ஏறும்போது பாரமெல்லாம் பின் சக்கரத்தில் விழும். வலது பின் சக்கரம். ஒரு நட்டு கழன்றால் மூன்று தாங்குமா? இரண்டு கழன்றால்? பன்னிரண்டுதான் கேட்டேன், நன்றாகத் தெரியும். தெரியுமா? கம்பெனியில் ஒரு நாளைக்கு ஆயிரம் பீஸ் பார்க்கிறேன், ஒன்று தப்பாது. ஆனால் கம்பெனியில் பீஸ் என் கையில் இருக்கும், திருப்பிப் பார்ப்பேன். இது ஓடிக்கொண்டிருக்கிறது, நானும் இதன் மேலேயே உட்கார்ந்திருக்கிறேன். சொன்னால் நிறுத்துவாள். நிறுத்திப் பார்ப்பாள். இறுகித்தான் இருக்கும். பெருந்துறை மாதிரி, ஈரத்துணி வரைக்கும் போட்டுப் பத்திரமாக இருக்கும். அவள் ஒன்றும் சொல்ல மாட்டாள். ஏறி உட்காருவாள், என்னைக் கொண்டு போய் இறக்கிவிடுவாள். அதோடு சரி. இனிமேல் ஒரு இடத்துக்கும் கூப்பிட மாட்டாள். இன்னொன்றும் இருக்கிறது, அதை ஒதுக்கி ஒதுக்கி வைக்கிறேன், திரும்பத் திரும்ப வருகிறது. சக்கரம் இறுக்காமல் இருந்தால் அதை அப்படி விட வைத்தது யார்? அந்த மனுஷன் நிதானமாகச் சுற்றி வந்துகொண்டிருந்தார். நான்தான் எழுப்பினேன். பிள்ளைக்கு ஒன்றும் ஆகக் கூடாது என்று நான்தான் எழுப்பினேன்.

அனுப்பர்பாளையம் தாண்டுகிறது. பாத்திரக் கடைகளுக்கு ஞாயிற்றுக்கிழமை பாதி ஷட்டர். சிந்து கண்ணாடியில் என்னைப் பார்த்தாள். "அம்மா, நெசமாச் சொல்றேன், இன்னிக்கு நீ வந்தது எனக்கு நல்லா இருந்துச்சு. ஒரு வார்த்தை பேசலையே நீ. அந்த எமகண்டம் ஒண்ணுதான்." சிரித்தாள். நானும் சிரித்தேன், கண்ணாடிக்காக. பிறகு அவள் குரலை இறக்கி, "உன்கிட்ட ஒண்ணு சொல்லட்டுமா? அப்பாகிட்டக்கூட இன்னும் சொல்லலே" என்றாள். என் கை பெல்ட்டை விட்டுவிட்டது. அப்பாவிடம்கூட இன்னும் சொல்லவில்லை. இந்த வார்த்தையை எத்தனை வருஷமாகக் கேட்காமல் இருந்தேன் என்று அப்போதுதான் தெரிந்தது. "ஒசூர்ல ஒரு கம்பெனில கேட்டிருந்தேன். எடுத்துட்டாங்க. அடுத்த மாசம் வரச் சொல்றாங்க. அங்கயே தங்கோணும். நீ என்ன சொல்றே?" கீழே டொக் என்றது. பூண்டி வேகத்தடை. ஒசூர், தனியாக, எங்கே தங்குவாள், என்ன சாப்பிடுவாள், ரோட்டில் லாரி, ராத்திரி ஷிப்டு இருக்குமா, எல்லாம் ஒரே நொடியில் வரிசை கட்டி வாசலில் வந்து நின்றன. ஒன்றையும் உள்ளே விடவில்லை. "உனக்குப் புடிச்சிருக்குதா?" என்று கேட்டேன். "ரொம்ப" என்றாள். "அப்பப் போ." அவள் ஒரு கையை ஸ்டீரிங்கிலிருந்து எடுத்துப் பின்னால் நீட்டினாள். பிடித்துக்கொண்டேன். சின்ன வயசில் பால்வாடிக்குப் போகும்போது இதே மாதிரிதான் பின்னால் நீட்டுவாள், திரும்பிப் பார்க்காமல். ரோட்டைப் பார்த்து ஓட்டு என்று சொல்லவில்லை. டொக். சொல்லவில்லை. டொக். இப்போது வேகத்தடை எதுவும் இல்லை. நான் சொல்லவில்லை. இந்தக் கையை விட்டுவிட எனக்கு மனசு வரவில்லை, அதுதான் உண்மை, பிள்ளை உயிரைவிட பிள்ளை என் கையைப் பிடித்திருப்பது பெரிதாகப் போய்விட்டது. இப்படி ஒருத்தி உண்டா?

அவினாசி. எங்கள் வீதிமுனை. நிறுத்தினாள். இறங்கினேன். கதவைச் சாத்தினேன், மெதுவாக. "மேல போய்ட்டுப் போன் பண்றேன். சாப்பிட்டுட்டுப் படும்மா. கும்பிட்டது போதும்" என்றாள். தலையாட்டினேன். வெளியே நின்று பார்த்தால் சக்கரம் அழகாகத்தான் இருந்தது. நட்டு நான்கும் இருந்தன. கறுப்பு நட்டு, பளபளவென்று. இறுகின நட்டும் இறுகாத நட்டும் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். இண்டிகேட்டர் விழுந்தது. கார் நகர்ந்தது. சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றியது, இரண்டு சுற்று. "சிந்து!" அந்தக் குரல் என்னுடையது என்று எனக்குத் தெரியவில்லை. வீதியில் நான் அப்படிக் கத்தினதில்லை. இட்லி மாவுக் கடையில் நின்றவர்கள் திரும்பினார்கள். செருப்பு ஒன்று கழன்றுவிட்டது, ஓடினேன், பின்பக்கத் தகரத்தில் உள்ளங்கையால் ஓங்கி அடித்தேன். கார் நின்றது.

அவள் இறங்கினாள். முகத்தில் கோபம் இல்லை, களைப்பு. "என்னம்மா?" "பின்னாடிச் சக்கரம். இந்தப் பக்கம். அவரு இதை மட்டும் இறுக்கலைன்னு நெனைக்கறேன் கண்ணு. மத்த மூணுக்கும் சத்தம் கேட்டுச்சு. இதுக்குக் கேக்கலே." "நெனைக்கறயா?" "நெனைக்கறேன்." "அம்மா…" "நான் எமகண்டம்னு சொல்லி அவரை எழுப்பிட்டேன். பாதியில எந்திரிச்சுட்டாரு. என்னாலதான். நெசமாத் தெரியலே. இறுக்கியிருந்தா நீ போ, நான் ஒண்ணும் பேசலே. ஒரு தடவை பாத்துரு."  அவள் பின்பக்கத்தைத் திறந்து, உள்ளே விரித்திருந்த புதுத் துணியைத் தூக்கி, அடியிலிருந்து வளைந்த இரும்பு ஸ்பேனரை எடுத்தாள். அது அங்கே இருப்பதும் அதைப் பிடிக்கத் தெரிவதும் எப்போது கற்றாளோ. வெள்ளைப் பேன்ட்டோடு மண்ணில் மண்டியிட்டாள். முதல் நட்டில் மாட்டினாள், கையை வைத்தாள். அழுத்தக்கூட இல்லை. ஸ்பேனர் தானாக இறங்குவது போல இறங்கியது. கால் சுற்று. அரைச் சுற்று. நிமிர்ந்து என்னைப் பார்த்தாள், மறுபடி குனிந்தாள். இரண்டாவதும் இறங்கியது. மூன்றாவதை ஸ்பேனர் இல்லாமல் விரலாலேயே திருப்பினாள். அது திரும்பியது, ஊறுகாய் பாட்டில் மூடி மாதிரி. நான்காவதைத் தொடவில்லை. அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

சரியாகத்தான் எண்ணியிருக்கிறேன். பன்னிரண்டுதான். இருபத்தாறு வருஷத்தில் ஒரு பீஸ் தப்பவிடாத கணக்கு. ஒரு துளிகூடச் சந்தோஷம் வரவில்லை. தப்பாக இருந்திருக்கக் கூடாதா, இன்னொரு பெருந்துறையாகப் போயிருக்கக் கூடாதா, வாழ்நாள் முழுக்கச் சிரித்திருக்கட்டுமே என்றுதான் இருந்தது. "உனக்கு எப்போ தெரியும்?" என்றாள் சிந்து, சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே. "பல்லடம் ரோட்டு சிக்னல்ல." "அங்கிருந்தா? அத்தனை தூரம்?" "சந்தேகந்தான் கண்ணு." "சந்தேகம்னா சொல்ல மாட்டியா? நீயா? ஊருல இருக்கற சந்தேகமெல்லாம் சொல்லுவே, புயல் வரும்னு சொல்லுவே, பால்ல பல்லி விழுந்திருக்கும்னு சொல்லுவே, இதைச் சொல்ல மாட்டியா? ஏம்மா?"  நீதானே சொல்லக் கூடாது என்றாய் என்று சொல்லியிருக்கலாம்.  ஆனால் அது பதில் இல்லை. "நீ என்மேல கோவிச்சுக்குவேன்னு" என்றேன். சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. நீ பயப்படுவே, அதான். நீ தாங்க மாட்டே, அதான். அவர் சொன்னது, பெரியவர்கள் சொன்னது, எல்லாம் இந்த ஒரே இடத்திலிருந்துதான் வந்திருக்கின்றன. அவர்கள் என்னை எண்ணி மறைக்கவில்லை. என் முகம் எப்படி ஆகும் என்று பார்க்கப் பயந்து மறைத்தார்கள். நான் இவ்வளவு தூரம், ஒவ்வொரு டொக்குக்கும், அதையேதான் செய்தேன். மன்னிக்க மாட்டேன் என்று வைத்திருந்த அத்தனை பேர் பக்கத்திலும் போய் நானும் நின்றுகொண்டேன், செருப்பு ஒரு காலில் இல்லாமல்.

அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். முகத்தில் கிரீஸ் பட்டது. ஒவ்வொன்றாக மாட்டி இறுக்கினாள். கையால் முடிந்த மட்டும் இறுக்கினாள், போதவில்லை. "வா. இதுமேல ஏறி நில்லு" என்றாள். "நானா?" "நீ என்னையவிடக் கனம்." ஸ்பேனரின் முனையில் செருப்பு இல்லாத காலை வைத்தேன். அவள் தோளைப் பிடித்துக்கொண்டு மற்றக் காலையும் தூக்கி முழுசாக நின்றேன். என் அடியில் இரும்பு கொஞ்சம் போய், கடித்துக்கொண்டு நின்றது. எந்தச் சத்தமும் வரவில்லை, ஆனால் நின்றது என்று காலுக்குத் தெரிந்தது. "அடுத்தது." நான்கிலும் ஏறி நின்றேன். பிறகு மற்ற மூன்று சக்கரத்துக்கும் போனோம், அவள் மாட்ட, நான் ஏற. அவை அசையவில்லை. மாவுக் கடைக்காரம்மா வந்து, "என்னாச்சு வசந்தாமணி, பஞ்சரா?" என்றாள். "இல்லைங்கக்கா, பாத்துக்கறோம்" என்றேன். சிந்து சகானாவுக்குப் போன் செய்து, இன்றைக்கு வரவில்லை, கடைக்குத் திரும்பிப் போய்க் காட்ட வேண்டியிருக்கிறது என்றாள். ஏன் என்று கேட்டிருப்பாள் போல. "எங்கம்மா பாத்துச் சொன்னாங்க" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

முன் சீட்டில் ஏறினேன். அவள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு, நேரே பார்த்தபடி சொன்னாள்: "இனிமே சொல்லிரு." "எல்லாத்தையுமா?" "ஐயோ, எல்லாத்தையும் சொல்லாதே." எங்கள் இரண்டு பேருக்குமே சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது, முழுசாக வரவில்லை. "கண்ணால பாத்ததைச் சொல்லு. காதால கேட்டதைச் சொல்லு. அது போதும்." சாவியை நுழைத்தாள். சாவி இருக்கும் இடத்தில் சேராமல் பக்கத்தில் பட்டது. மறுபடி நுழைத்தாள். அப்போதும் பட்டது.

"கண்ணு" என்றேன்.

"ம்?"

"உன்ற கை நடுங்குது."

அவள் கையைப் பார்த்தாள். சாவியை எடுத்து மடியில் வைத்தாள். கதவைத் திறந்து வைக்கச் சொல்லி, என் பக்கத்தையும் திறந்தேன். அவளும் திறந்தாள். காற்று வரவில்லை, வெயில்தான் வந்தது. நடுக்கம் நிற்கும்வரை உட்கார்ந்திருந்தோம்.